ஒரு சின்ன ஜெபம்

ஜெபசிங்குக்குப் பெயர் வைத்தவர் அவனுடைய தாத்தா. பேரன் ஜெபத்தில் சிங்கமாக வருவான் என்று நினைத்திருப்பார், பாவம். நாலு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் இடத்தில் "தம்பி, நீங்க ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சிங்கத்துக்குக் கை கால் உதறல் எடுத்துவிடும். மாதாப்பூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஒரு டீமுக்கே லீடர் அவன். அமெரிக்காக்காரனோடு ஃபோனில் மல்லுக்கட்டித் தன் ஆட்களுக்கு தீபாவளி லீவு வாங்கித் தருகிறவன். ஆண்டவரிடம் தனியாகப் பேசவும் அவனுக்குச் சங்கடமில்லை, ஸ்கூட்டரில் போகும்போதுகூட மனசுக்குள் பேசிக்கொண்டேதான் போவான். பக்கத்தில் இன்னொரு மனுஷக் காது இருந்தால்தான் வம்பு. சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

அந்தத் தெலுங்கு ஊரில், போலாரத்துத் தமிழ்ச் சபையில் ஞாயிறு சாயந்திரம் சந்திப்புக்குப் போவது வழக்கம். உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டுக்கு ஏழெட்டுப் பேராகப் போய், ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, ஆறுதல் சொல்லிவிட்டு வருவார்கள். ஜெபசிங்கும் தவறாமல் போவான். ஆனால் ஜெபம் தொடங்கப் போகிறது என்று தெரிந்த நிமிஷமே, வந்தவர்கள் தண்ணீர் குடித்த டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவான். கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும்போது ஆமென் சொல்லியிருப்பார்கள். "போலாரத்துல இவங்க கழுவாத டம்ளர் இல்ல" என்று அவன் மனைவி மெர்லின் சபைப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடவே சிரித்துக்கொள்வான், வேறு என்ன செய்ய.

சந்திப்புக் குழுவுக்குத் தலைவி வேதமணி அக்கா. ஊரில் யாராவது தும்மினால் அக்காவுக்குச் செய்தி போய்விடும். ஜெபசிங் குடியிருக்கும் அபார்ட்மெண்டில், அவனுக்கு எதிர் வீட்டில் வெங்கடராமன் என்ற பெரியவர் பக்கவாதத்தில் கிடக்கிறார் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. "நம்ம சபை இல்லன்னா என்ன, நம்ம தமிழ் ஜனம்தானே தம்பி" என்றாள் அக்கா. எதிர் வீட்டு ஜலஜா மாமியிடம் ஜெபசிங் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அதுக்கென்ன, வாங்கோ. பகவான் பேரை யார் சொன்னா என்ன" என்றாள் மாமி.

வெங்கடராமன் மாமா காஞ்சன்பாக்கில் ஒரு டிஃபென்ஸ் ஃபாக்டரியில் டெஸ்பாட்ச் பார்த்தவர். சரக்கு ஏற்றிய லாரியைச் சுற்றிவந்து சரிபார்த்து, முதுகில் ரெண்டு தட்டுத் தட்டி, "ரைட்டு" என்பார். வண்டி கிளம்பும். சர்வீஸ் முழுக்க அதையே சொன்னதாலோ என்னவோ, பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போனபோது அந்த ஒரு சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது. பசித்தால் ரைட்டு, வலித்தால் ரைட்டு, வேண்டும் என்றாலும் ரைட்டு, வேண்டாம் என்றாலும் ரைட்டு. பெண்டாட்டி பேரைக்கூடச் சொல்ல முடியாமல் மனுஷர் ரைட்டு, ரைட்டு என்று தவிப்பதைப் பார்த்து மாமி சமையலறையில் போய் அழுதுவிட்டு வருவாள்.

குழு வந்தது. பாட்டு முடிந்தது. ஜெபசிங் வழக்கம்போல டம்ளர்களோடு அடுப்படிக்குப் போனான். அக்கா உருக்கமாக ஜெபத்தைத் தொடங்கினாள். அக்காவின் ஜெபம் லேசில் முடியாது. தேசத்தலைவர்களில் தொடங்கி, மழையைத் தொட்டு, மெல்ல நடந்துதான் நோயாளியிடம் வந்து சேரும். அக்கா மூச்சு வாங்கிய இடத்தில் மாமா "ரைட்டு" என்றார். அக்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரியவருக்குள் ஏதோ தேவ கிரியை நடக்கிறது என்று நினைத்துவிட்டாள். குரல் உயர்ந்தது. மாமா "ரைட்டு, ரைட்டு" என்றார். கண்ணை மூடியிருந்த எல்லாரும் "ஆமென், ஆமென்" என்றார்கள். மாமி உட்பட ஒருவர்கூடக் கண்ணைத் திறந்திருக்கவில்லை.

அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்ற ஜெபசிங்கைத் தவிர.

அவன் பார்த்தபோது மாமாவின் இடது கை வேட்டியைக் கசக்கிப் பிடித்திருந்தது. முகம் சிவந்து, கண் நாலு பக்கமும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. அது ஜெபத்தில் சேர்ந்துகொள்கிற முகம் இல்லை. டம்ளரை அப்படியே போட்டுவிட்டு, பூனை மாதிரி எல்லார் முழங்காலையும் தாண்டிப் போய், மாமாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பாத்ரூமுக்கு நடத்திப் போனான். பாதி வழியிலேயே வேட்டி நனைந்துவிட்டது. மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். ஜெபசிங் வாளியில் வெந்நீர் பிடித்து, கழுவித் துடைத்து, கொடியில் கிடந்த வேறு வேட்டியை எடுத்துக் கட்டிவிட்டான்.

ஹாலில் அக்கா ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது நோயாளியைக் காணோம். நாற்காலி காலியாக இருந்தது. அக்காவே ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்துவிட்டாள். பாத்ரூம் வாசலுக்கு ஓடிவந்த மாமி, நனைந்த வேட்டி வாளியில் கிடப்பதையும் ஜெபசிங்கின் பேண்ட் முழங்கால்வரை ஈரமாகியிருப்பதையும் பார்த்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தக் குழாய்ல தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு மாமி. வாஷர் போயிருக்கும், நாளைக்கு மாத்தித் தாரேன்" என்றான் ஜெபசிங்.

மறுநாள் காலை வாஷரோடு வந்தவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். மாமி பயந்து பயந்து ஷேவ் செய்ததில் கன்னமெல்லாம் திட்டுத் திட்டாக முடி நின்றது. "நான் பண்ணி விடட்டுமா மாமா?" என்று கேட்டான். "ரைட்டு" என்றார் மாமா. அன்றிலிருந்து ஆபீசுக்குக் கிளம்புமுன் எதிர் வீட்டுக்குப் போய் மாமாவுக்கு ஷேவ் செய்து, குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார்த்திவிட்டு வருவது அவன் வேலையாகிவிட்டது. ஏஜென்சியிலிருந்து முன்பு வந்த ஆட்களை மாமா தொடக்கூட விட்டதில்லை, இடது கையால் தள்ளியே விரட்டிவிட்டார். ஜெபசிங்கிடம் மட்டும் பச்சைப்பிள்ளையாகத் தலையைக் கொடுத்தார். போகப் போக ரைட்டுகளின் ரகமும் அவனுக்குப் பிடிபட்டது. வெட்டின மாதிரி சொன்னால் சரி, இழுத்துச் சொன்னால் வேண்டாம், மூக்கால் சொன்னால் தண்ணி சுடுகிறது.

ஒரு நாள் காலை, ஷேவ் நடந்துகொண்டிருந்தபோது ஹாலில் மாமி ஸ்பீக்கரில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரே மகள் பிந்து, சென்னையில் இருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி. புருஷன் கப்பலில் வேலை, கரைக்கு வர இன்னும் நாளாகும். பிரஷர் ஏறிக்கொண்டே போவதால் வருகிற புதன்கிழமை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாளாம்.

"நீ வர வேண்டாம்மா. அப்பாவைப் பாத்துக்கோ. நான் சமாளிச்சுப்பேன்" என்றது ஃபோன். சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது.

மாமாவின் தாடை ஜெபசிங்கின் கைக்குள் நடுங்கியது. அவன் பிளேடை எடுத்துவிட்டான்.

மாமி ஃபோனை வைத்துவிட்டு வந்து, கேட்காமலே சொன்னாள். "போன தடவை ஏழாம் மாசத்துல போயிடுத்து, ஜெபா. இவர் பக்கவாதத்துல விழுந்த அதே வாரம். என்னால போக முடியலை. பிந்து தனியாவே போய் அட்மிட் ஆகி, வெறுங்கையோட தனியாவே ஆத்துக்கு வந்தா. இந்தத் தடவையும் நான் போகலேன்னா நான் என்ன அம்மா?" மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். "இவரை விட்டுட்டும் எப்படிப் போவேன், சொல்லுங்கோ."

"நான் பாத்துக்கிடுதேன் மாமி. நீங்க போயிட்டு வாங்க."

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று ஜெபசிங்குக்கே உறைத்தது. மாமி பதறிப்போனாள். குளிப்பாட்டுவது வேறு, ராத்திரி பகல் கூட இருந்து மலஜலம் எடுப்பது வேறு, பெற்ற பிள்ளைகூட முகம் சுளிக்கிற வேலை, அன்னியர் தலையில் எப்படிக் கட்டுவது என்றாள். இவனோ, "மாமாட்டயே கேட்டுருவோம்" என்றான். இரண்டு பேரும் நாற்காலிப் பக்கம் திரும்பினார்கள். கன்னத்தில் பாதி நுரையோடு மாமா, வெட்டின மாதிரி, "ரைட்டு" என்றார்.

மெர்லின் முதலில் குதித்தாள். சர்ச் அறுவடைப் பண்டிகைக்கு ஊருக்குப் போகச் சேர்த்து வைத்த லீவு அது. "ஊருக்கெல்லாம் நல்லவரு. என் அம்மா வாசலைப் பாத்துட்டு இருப்பா, அதை யாரு நினைக்குதா" என்றாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை, ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான். மறுநாள் எதிர் வீட்டுக்குப் போய் மாமியிடம், "பூண்டு போடாம ரசம் எப்படி வைப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டு நின்றவளும் அவளேதான். மாமியின் அடுப்படியிலேயே, மாமியின் பாத்திரத்திலேயே சமைத்து வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போவதாக ஏற்பாடு. அவள் டீச்சர். பூண்டில்லாத ரசத்தை ருசி பார்த்துவிட்டு, "வெந்நீர் மாதிரி இருக்கு" என்று புருஷன் காதில் மட்டும் சொன்னாள்.

மாமி ரயிலேறினாள். போகும்போது ஜெபசிங்கிடம் மாத்திரை, கஞ்சி, போர்வை என்று எல்லாம் சொன்னாள். மாமாவிடம் ஒன்றும் சொல்ல முடியாமல் காலைத் தொட்டுவிட்டு லிஃப்டுக்கு ஓடினாள்.

அன்று மாமா சாப்பிடவில்லை. ஸ்பூனை வாயருகில் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். இழுத்து இழுத்து "ரைட்டு" சொன்னார். கண் வாசல் கதவிலேயே இருந்தது. கெஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான், ஃபோனில் கிரிக்கெட் போட்டுக் காட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சலித்துப்போய், அதே ரசம் சாதத்தைத் தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். பூண்டு இல்லாத ரசத்துக்கு அவன் முகம் தன்னையறியாமல் கோணிற்று. மாமா அதைப் பார்த்துவிட்டு, ஒரு பக்க வாயால் சிரித்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

மறுநாள் குளித்து முடித்ததும் இன்னொரு சிக்கல். நாற்காலியில் உட்காராமல் மாமா அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் இழுத்தார். அங்கே சாமி படங்கள், ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் விபூதி. மாமா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். வலது கை விளங்காத நாளிலிருந்து மாமிதான் பூசிவிட்டிருக்கிறாள். இடது கையால் விபூதி எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மருந்தும் கஞ்சியும் சொன்ன மாமி இதை மட்டும் சொல்லவில்லை. கிறிஸ்தவப் பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்பது என்று விட்டிருப்பாள்.

ஜெபசிங் அப்படியே நின்றான். மூன்று தலைமுறையாக ஊர் சர்ச் கமிட்டியில் இருந்த குடும்பம் அவனுடையது. வேதமணி அக்கா பார்த்தால் என்ன சொல்வாள் என்று ஒரு கணம் நினைத்தான். குளித்த ஈரம் சொட்ட, நெற்றியை நீட்டிக்கொண்டு அந்த மனுஷர் காத்திருந்தார். இவரைக் குளிப்பாட்டுவது சரி, துணி மாற்றுவது சரி, இவர் கேட்கிற இந்த ஒன்று மட்டும் முடியாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். "ஆண்டவரே, நான் எதுக்குச் செய்யுதேன்னு உமக்குத் தெரியும்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, மூன்று விரலில் எடுத்துப் பூசினான். ஒரு பக்கம் மேலே ஏறி, ஒரு பக்கம் கீழே இறங்கிவிட்டது. மாமா கண்ணாடியில் பார்த்தார். "ரைட்டு" என்றார், வெட்டின மாதிரி.

புதன்கிழமை வந்தது. மெர்லின் ரசம் வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போயிருந்தாள். ஷேவ், குளியல், விபூதி எல்லாம் முடிந்து மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. மாமாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான். மாமி.

"உள்ளே அழைச்சுண்டு போயிட்டா, ஜெபா. பிரஷர் ரொம்ப ஏறிடுத்தாம். டாக்டர் முகமே சரியில்லை. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்கோளேன்." யாரோ அங்கே கூப்பிட்டார்கள். லைன் போய்விட்டது.

ஜெபசிங் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, வேறு யோசனையில்லாமல், வேதமணி அக்காவுக்குப் போட்டான். சுவிட்ச் ஆஃப். புதன்கிழமை அக்கா உபவாச ஜெபத்தில் இருப்பாள், ஃபோனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுவாள். மெர்லினுக்குப் போட்டான். கிளாசில் இருக்கிறாள், எடுக்கவில்லை. ஊர் முழுக்க ஜெபிக்கத் தெரிந்தவர்கள் இருக்க, அந்த நேரம் பார்த்து ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை.

திரும்பினால் மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறது. பேச்சுத்தான் போயிற்றே தவிர, காதும் மனசும் எங்கும் போகவில்லையே. முகம் வெளிறிப்போயிருந்தது. "உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க மாமா. பயப்படாதீங்க" என்றான் ஜெபசிங். அவன் குரலிலேயே பயம் இருந்தது.

மாமா இடது கையை நீட்டி அவன் வலது கையைப் பிடித்தார். அதை இழுத்து, அவனுடைய இடது கைமேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அழுத்தினார். அன்றைக்கு வந்த சபையார் கை கூப்பியிருந்த மாதிரியே. பிறகு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

கழுவுவதற்கு டம்ளர் ஒன்றும் இல்லை. ஜெபசிங் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"ஆண்டவரே" என்றான். அதற்கே வியர்த்துவிட்டது. "இந்தக் காலை வேளைக்காக... ஸ்தோத்திரம்." அது யாரோ சொல்கிற ஜெபம் மாதிரி இருந்தது, விட்டுவிட்டான். "மாமா பிள்ளை அங்க இருக்கு. உமக்குத் தெரியும். போன தடவை என்ன ஆச்சுன்னும் தெரியும். இந்தத் தடவை... அப்படி விட்டுராதீங்க ஆண்டவரே. நீங்க அவ பக்கத்துல நில்லுங்க. அந்தப் பிள்ளை..."

பெயர் வரவில்லை. காலையும் மாலையும் அந்த வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்த பெயர். துடைத்துவைத்த பலகை மாதிரி மனசு வெறுமையாகிவிட்டது. "உம்முடைய மகள்..." என்று தொடங்கிப் பார்த்தான். பிரஷர் ஏறிப் படுத்திருக்கிற பெண்ணுக்காக ஒரு ஜெபம், அதில் அவள் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லையே என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உம்முடைய மகள்..."

மேலே நாற்காலியில் ஏதோ முனகல் கேட்டது. ஜெபசிங் கண்ணைத் திறந்தான். மாமாவின் உதடு கோணிக்கொண்டு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "ரை" என்று தொடங்கி, தலையை உதறி, அதைத் தள்ளிவிட்டார். மறுபடி வாயைக் குவித்தார்.

"பி" என்றார். மூச்சு வாங்கினார். "பி... பிந்து."

ஜெபசிங் அசையவில்லை.

"பிந்து" என்றார் மாமா, தெளிவாக. சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டவர் போல அவனைப் பார்த்தார். பிறகு, எங்கே மறுபடி போய்விடுமோ என்று பயந்தவராக, நிறுத்தாமல் சொல்லத் தொடங்கினார். "பிந்து. பிந்து. பிந்து." கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. ஜெபசிங் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அதற்குமேல் ஒரு வார்த்தைகூட அவன் சேர்க்கவில்லை, ஆமென் சொல்லவும் மறந்துபோனான். மாமாவே சொல்லிக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

ஃபோன் அடித்தபோதும் அவர் நிறுத்தவில்லை. ஜெபசிங் ஸ்பீக்கரைப் போட்டான்.

"பொண் குழந்தை, ஜெபா" என்றாள் மாமி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ரெண்டு பேரும் நன்னா இருக்கா. பிரஷர் எறங்கிடுத்து. கண்ணு முழிச்சதும் அவ மொதல்ல அப்பா எப்படி இருக்கார்னுதான்..."

பாதியில் நிறுத்தினாள். இந்தப் பக்கம் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. சென்னையில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமி மூச்சுவிடாமல் நிற்பது இங்கே தெரிந்தது.

"ஜெபா" என்றாள் மெல்ல. "அங்க யாரு பேசறது?"

ஜெபசிங் எழுந்து, ஃபோனைக் கொண்டுபோய் மாமாவின் வாயருகில் பிடித்தான்.